மாசி மகத்தன்று திறந்து கிடந்த கேட்

என் அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்பதரை மணிக்கு மேல் வீட்டில் லைட் எரிந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். யாழினி இப்போதுதான் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன். நாளைக்கு உங்கள் மூன்றாவது தெவசம். வாழைக்காயும் பரங்கிக்காயும் வாங்கி வைத்தாயிற்று, இலையும் வந்துவிட்டது. ஆனால் மனதில் இதை வைத்துக்கொண்டு நாளைக்கு உங்கள் படத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்க என்னால் முடியாது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

உங்களுக்கு எழுதுவதை நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. பிள்ளை வைத்திருக்கிறவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

முதலில் வீட்டுச் செய்தி. நாங்கள் நாய் வாங்கப் போகிறோம்.

ஆமாம், நான்தான். பத்து வயதுக்குப் பிறகு ஒரு நாயைக்கூடத் தொட்டுப் பார்க்காத உங்கள் பாப்பாதான். யாழினிக்கு ஏழு வயது முடிகிறது. உங்களுக்கு அவள் நாலு வயதுப் பிள்ளையாகத்தான் ஞாபகம் இருப்பாள். இப்போது முன்பல் இரண்டும் விழுந்து, கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறாள். டிவிக்குப் பக்கத்தில் நீங்கள் செய்து கொடுத்த செராமிக் நாய் இருக்கிறதே, அதைக் காட்டி "இது யாரும்மா?" என்று கேட்டாள். "பவுடர்" என்றேன். நீங்கள் பீங்கான் யூனிட்டில் இருந்து பேண்டெல்லாம் வெள்ளை மண் தூசியோடு வருவீர்கள், அந்த நிறத்திலேயே ஒரு பொமரேனியன் குட்டி இருந்தது, அதனால் பவுடர் என்று பெயர் வைத்தோம் என்று சொன்னேன். "இப்ப எங்க?" என்றாள். "காணாமப் போயிட்டான்" என்றேன். "யாரு தொலச்சா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அன்றிலிருந்து தினமும் நாய், நாய், நாய். அவளுக்குப் பவுடர் மாதிரியே வேண்டும். உங்கள் மாப்பிள்ளைக்குச் சப்பை மூக்கு பக் நாய் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவர் ஆர்டர் கொடுத்தால் குட்டியும் தருவிக்கிறார். அவரிடம் இரண்டிலும் ஒன்று ஒன்று இருந்தது.

"பக்குதாம்மா நமக்கு சரி. குட்ட முடி. சும்மா சும்மா குலைக்காது. மூஞ்சியப் பாத்தியா, எங்க கருவேப்பிலங்குறிச்சி பெரியப்பா மாதிரியே இருக்குது" என்றார் இவர்.

"அப்ப பெரியப்பாவையே கூட்டியாந்து வச்சுக்குங்க. அவருக்கு ஊசியாவது போட வேணாம்" என்றேன்.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு செருப்பு வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குவேன். நோட்டின் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் பக், அந்தப் பக்கம் பொமரேனியன் என்று எழுத ஆரம்பித்தேன். பொமரேனியனுக்கு தினமும் முடி சீவ வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தக் கம்பளியோடு அது என்ன பாடுபடும்? தெருவில் சைக்கிள் போனால்கூடக் குலைக்கும். கால் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும், கட்டிலில் இருந்து குதித்தாலே உடையலாம். யாழினியோ கட்டிலைவிட்டு இறங்குவதே இல்லை. சரி, பக்? அதற்குக் குட்டை முடியே தவிர, கொட்டுவது பொமரேனியனுக்குக் குறைவில்லையாம். கறுப்பு மெத்தை உறை வாங்கினால் ஒரு வாரத்தில் சாம்பல் நிறமாகிவிடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கண் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் சின்னக் கீறல்கூட ஆகாது. மூக்கு உள்ளே அமுங்கிப்போயிருப்பதால் வெயில் காலத்தில் மூச்சுக்குத் திணறும். கரண்டு போனால் அதற்கு யார் விசிறுவது?

"ஏங்க, பக்குக்கும் மூச்சு இழுக்குமாம். இவளுக்கும் இழுக்குது. வூட்ல ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டு கெடந்தா நான் யாருக்கு நெபுலைசர் வைக்கிறது?" என்று இவரிடம் கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

உங்களுக்கு இதைச் சொல்லவில்லையே. யாழினிக்கும் இளைப்பு இருக்கிறது அப்பா. எனக்குச் சின்ன வயதில் இருந்த மாதிரியேதான். பனிக்காலத்தில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "முடி குட்டையா நீளமாங்கிறது இல்லம்மா விஷயம். எல்லா நாய்க்கும் எச்சில்லயும் தோல்ல இருந்து உதிர்ற தூசியிலயும்தான் இழுப்பு வர வைக்கிற சமாச்சாரம் இருக்குது. நாய் இல்லாம இருக்கிறது நல்லது. வாங்கித்தான் ஆவணும்னா, கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமா கூட வுட்டுப் பாருங்க. ஒரு நாய் ஒத்துக்கலன்னாலும் இன்னொண்ணு ஒத்துக்கலாம்" என்றார்.

கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாக என்று சொன்னதை நான் கேட்கவில்லை. கடைக்காரர், "ஒரு நாள் வூட்ல வச்சுப் பாருங்கக்கா, ஒத்துக்கலன்னா கொண்டாந்து வுட்டுருங்க" என்றதும் பொமரேனியன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை அது. அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு செராமிக் பவுடரைக் காட்டி, "இவன்தான் உன் அண்ணன், வணக்கம் சொல்லு" என்றாள்.

அன்று ராத்திரி அவளுக்கு நெஞ்சுக்குழி உள்வாங்கிவிட்டது. இரண்டு முறை நெபுலைசர் வைத்தோம். விடிந்ததும் டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இந்த நாய் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்லபடியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவள் ஸ்கூலுக்குப் போனதும் குட்டியைக் கொண்டுபோய்க் கடையில் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் அதைப் பின்கட்டில் தனியாகக் கட்டிப்போட்டிருந்தோம். அவள் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் வந்து, "குட்டி எங்கம்மா?" என்று கேட்டாள்.

"அதோட அம்மா ரொம்பத் தேடுச்சாம்டா. கடை மாமா வந்து வாங்கிட்டுப் போயி, வேற ஊருக்கு அனுப்பிட்டாரு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அப்பா! நான் யோசிக்கவே இல்லை. நாக்கு நுனியில் தயாராக இருந்த மாதிரி வந்தது. உனக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் திருப்பிக் கொடுத்தேன் என்று சொன்னால், தன்னால்தான் குட்டி போனது என்று அவள் மனது கஷ்டப்படும் என்று நினைத்தேன். நல்லதற்குத்தானே சொல்கிறேன் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி அழுதுகொண்டே செராமிக் பவுடரை எடுத்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். விடிகாலையில் அது கட்டிலில் இருந்து விழுந்தது. ஒரு காது, வால், முன்னங்கால் இரண்டும் போய்விட்டன. இருபத்தோரு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தேன்.

அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை நீங்கள் வேலை பார்த்த யூனிட்டுக்குப் போனேன். அங்கே ஒன்றும் மாறவில்லை. வாசலில் கழிப்பறைப் பீங்கான் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. உள்ளே ஃபேனுக்கு அடியில் அகல் விளக்குகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. உங்களோடு இருந்த, பொம்மைக்குப் பளபளவென்று கிளேஸ் பூச்சு அடிக்கிற அந்தோணி மாமா இன்னும் இருக்கிறார். காது மந்தம். மற்றபடி அப்படியேதான்.

"வா பாப்பா! என்னா, அப்பனோட நாயி கால ஒடச்சுக்கிச்சா?" என்றார்.

"இன்னொண்ணு அடிச்சுத் தர முடியுமா மாமா? யாழினி அழுவுது."

"மோல்டு இருந்தா கை வேல அரை நாள்தான், அப்புறம் காய வச்சு சுடணும். உங்கப்பன் போட்ட மோல்டு எதையும் நான் தூக்கிப் போடல. அந்த ஆளு பேய் மாதிரி வந்து நிப்பான்னு பயம்" என்று சொல்லிவிட்டு, பரண் மேல் ஏறித் தேடினார். தும்மிக்கொண்டே இறங்கினார். சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிய பிளாஸ்டர் மோல்டு. பிரித்தால் இரண்டு பாதி. உள்ளே பவுடர் உட்கார்ந்திருக்கிற அளவுக்குப் பள்ளம், காது மடங்கியிருக்கிற இடம் உட்பட.

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் வேலையைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். மோல்டு ஈரமாக இருக்கும்போதே முதுகில் ஆணியால் தேதி கீறிவிடுவீர்கள். காய்ந்துவிட்டதா, எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பீர்கள். "தேதி இல்லாத மோல்டு என் மோல்டு இல்ல" என்று பெருமையாகச் சொல்வீர்கள்.

தேதி இருந்தது. மாதம் எழுத வேண்டிய இடத்தில் ஒன்று என்று இருந்தது. ஜனவரி. நான் அஞ்சாவது படித்த வருஷம்.

பவுடர் காணாமல் போனது மாசி மகத்தன்று, அப்பா. அந்த நாளை நான் மறப்பேனா? மாசி மகம் என்றைக்காவது ஜனவரியில் வந்திருக்கிறதா?

அங்கேயே, மண் மூட்டை மேல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவன் காணாமல் போன பத்தாவது நாள் இந்தப் பொம்மையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். "தேடித் தேடிக் கெடைக்கல பாப்பா. இவன வச்சுக்கோ. இவன் எங்கயும் போவ மாட்டான்" என்றீர்கள். பத்து நாள்! மாடல் செய்து, மோல்டு போட்டு, மோல்டு காய ஒரு வாரம், அப்புறம் மண் கூழ் ஊற்றி, எடுத்துக் காயவைத்து, சூளையில் ஒரு தடவை, கிளேஸ் அடித்து இன்னொரு தடவை. பீங்கான் செய்கிற இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். இருபத்தோரு வருஷமாக நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. அப்பா சொன்னதை யாராவது விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்களா?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பொங்கல் லீவில் தையல்காரர் டேப்பை எடுத்துவந்து பவுடரை அளந்தீர்கள். மூக்கில் இருந்து வால் வரைக்கும், காலுக்கும் காலுக்கும் நடுவில், காதின் நீளம்கூட. அவன் ஆடாமல் இருக்க நான்தான் பிடித்துக்கொண்டேன். "இவனுக்கு சட்ட தைக்கப் போறேன்" என்றீர்கள். சட்டை என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லையே.

"மாமா, இது அவன் காணாமப் போறதுக்கு முன்னாடியே செஞ்சதா?" என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி இருந்தார். மறுபடி சத்தமாகக் கேட்டேன். பக்கத்தில் அகல் விளக்கு எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு இன்னுமா சொல்லல? உன் கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிட்டேன்னு சொன்னானே உங்கப்பன்" என்றார்.

அவரிடமும் பொய்.

அவர்தான் சொன்னார். மாசி மகத்தன்று விடிவதற்கு முன்பே உங்கள் டிவிஎஸ் வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து, பவுடரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் உங்கள் கூட்டாளி வீட்டில் கொண்டுபோய் விட்டீர்களாம். திரும்பி வரும்போது வழியில் வண்டியை நிறுத்தி அழுதீர்களாம். அழுதீர்களா? எனக்கு அது போதவில்லை அப்பா.

அன்று காலையில் நான் எழுந்ததும் புதுப் பாவாடையைக் காட்ட பக்கத்து வீட்டுக் கல்பனாவிடம் ஓடினேன், கேட் தாழ்ப்பாளைத் தொட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. வந்து பார்த்தால் பவுடர் இல்லை. கேட் திறந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் நீங்கள் வண்டியில் வந்தீர்கள். வாசலில் நின்று சத்தமாகக் கேட்டீர்கள்: "கேட்ட யாரு தொறந்து போட்டது?"

"நான்தாம்ப்பா. கல்பனா வூட்டுக்குப் போனேன்."

நீங்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. "சரி வா, தேடுவோம். வேட்டு சத்தத்துக்கு பயந்து ஓடியிருப்பான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆலடி ரோடு, மணிமுத்தாற்றுப் பாலம், ஜங்ஷன், கோயிலைச் சுற்றி நாலு தெரு. மகத்துக் கூட்டத்துக்கு நடுவில் நான் "பவுடர், பவுடர்" என்று கூப்பிட்டேன். என் தொண்டை கட்டியதும் நீங்கள் கூப்பிட்டீர்கள். உங்கள் குரலில் கூப்பிட்டீர்கள் அப்பா. அவன் பெண்ணாடத்தில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே கூப்பிட்டீர்கள். ஒரு மாதம், தினமும் சாயங்காலம்.

அப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று கல்யாணமான புதிதில் இவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்த களைப்போடு ஒரு நாய்க்காக என்னோடு தெருத் தெருவாக அலைந்தவர் என்று. காலேஜில் 'மறக்க முடியாத மனிதர்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதினேன். நீங்கள் அதை வாங்கிப் படித்தீர்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியும்.

"அந்த வருஷம் உன்ன மூணு தடவ ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்டி. நாய மொதல்ல வெளிய அனுப்புன்னாரு டாக்டரு. நீ அவன வுட்டு ஒரு வாய் சோறு திங்க மாட்ட. அனுப்பப் போறோம்னு சொன்னா வுட்டிருப்பியா?" என்றது அம்மா.

"வுட்டிருக்க மாட்டேன். அழுதிருப்பேன், சண்ட போட்டிருப்பேன். ஆனா கேட்ட தொறந்து போட்டு அவனக் கொன்னுட்டேன்னு இருவத்தோரு வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ல?"

அம்மா என்னைப் பார்த்தது. "எந்த கேட்டு?" என்று கேட்டது.

அம்மாவுக்குக் கேட் கதை தெரியவே தெரியாது. அது நமக்கு நடுவில் மட்டும் இருந்த கதை. நாய் போன கதை உங்கள் இருவருடையது. கேட் உங்களுடையது மட்டும்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? இந்த வீட்டுக் கேட் தாழ்ப்பாளை நான் இன்றுவரை ஒவ்வொரு ராத்திரியும் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். யாழினி நடக்க ஆரம்பித்ததில் இருந்து நாலு தடவை. ஸ்கூல் வேன் கதவு, பஸ் கதவு, மொட்டை மாடிக் கதவு, எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கிறேன். "உனக்கு ஏன் இவ்ளோ பயம்?" என்று இவர் கேட்டால், "ஒரு தடவ நான் தொறந்து போட்டதால ஒரு உசுரு போச்சு" என்பேன். நீங்கள் இந்தக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதே அப்படிச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் பேப்பரைப் புரட்டினீர்கள்.

அந்த உயிர் போகவில்லை. பெண்ணாடத்தில் எட்டு வருஷம் இருந்தானாம். நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போதுதான் செத்தானாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோல்டு விஷயமாகப் போகிறேன் என்று கிளம்புவீர்களே, அது அவனைப் பார்க்கத்தானாம். திரும்பி வந்ததும் நேராகக் குளியலறை. நான் ஓடிவந்து கட்டிக்கொள்ள வந்தால், "தொடாத பாப்பா, தூசி" என்பீர்கள். யூனிட் தூசி என்று நினைத்தேன். அவனுடைய முடி. நீங்கள் அவனைத் தடவிவிட்டு வந்த கையைக் கழுவிவிட்டுத்தான் என்னைத் தொட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே இளைப்பு குறைந்துவிட்டது. பெண்ணாடம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? அரை மணி நேர பஸ். ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியாவது காட்டியிருக்கலாம். ஆறு வருஷம் இருந்ததே அப்பா, சொல்வதற்கு. ஒரு பொய்யைக் காப்பாற்ற எட்டு வருஷம் அவனுக்கு என்னை மறக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். அவன் என்னைத் தேடினானா? உங்கள் சட்டையில் என் வாசனை இருந்திருக்குமே, அதை மோந்து பார்த்திருப்பானே. அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?

"செத்த மனுசன்கிட்ட போயி சண்ட போடுறியே, என்கிட்ட போடு" என்றது அம்மா. அம்மாவிடம் போட்டாயிற்று. ஒரு நாள் பேசவில்லை. ஆனால் கேட்டைப் பற்றிக் கேட்க அம்மாவிடம் ஒன்றும் இல்லையே.

இதெல்லாம் வியாழக்கிழமை. அன்று ராத்திரி யாழினிக்குச் சோறு ஊட்டும்போது அவள் கேட்டாள்: "அம்மா, நான் காதப் புடிச்சு இழுத்தேன்ல, அதனாலதான் குட்டியோட அம்மாவுக்குக் கோவமா?"

இரண்டே நாளில் அவள் தனக்கு ஒரு கேட்டைக் கண்டுபிடித்துக்கொண்டாள், அப்பா.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குட்டி எங்கேயும் போகவில்லை, கடையில்தான் இருக்கிறது, நான்தான் கொண்டுபோய் விட்டேன், அதன் பக்கத்தில் இருந்தால் உனக்கு இழுக்கிறது, அது உன் தப்பும் இல்லை, குட்டியின் தப்பும் இல்லை, உன்னிடம் பொய் சொன்னது என் தப்பு என்று சொன்னேன். என்னை அடித்தாள். "நீ பொய் சொன்ன! நீ பொய் சொன்ன!" என்று தொடையிலும் கையிலும் அடித்தாள். வாங்கிக்கொண்டேன். நான் உங்களை அடிக்க முடியாதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வெள்ளிக்கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை. இன்று காலையில் எழுந்ததும், "அதுக்கு பை சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நீங்களும் நானும் என்னவோ பெரிய மலை என்று பயந்தோமே.

சாயங்காலம் மூன்று பேரும் கடைக்குப் போனோம். முகத்துக்கு மாஸ்க் போட்டுக் கூட்டிப்போனேன். பொமரேனியன் குட்டி கண்ணாடிக்கு உள்ளே இருந்து இவளைப் பார்த்ததும் குதித்தது. இவள் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு இழுக்குதாம். அதனால நீ வேற வூட்டுக்குப் போ. காதப் புடிச்சு இழுத்ததுக்கு சாரி. உன்ன எனக்குப் புடிக்கும்" என்றாள். இவர் கடைக்கு வெளியே போய் போன் பேசுவது மாதிரி நின்றுகொண்டார்.

அப்புறம் கீழ்க் கூண்டில் பக் குட்டி தூங்குவதைப் பார்த்தாள். அது விட்ட குறட்டையில் பக்கத்துத் தொட்டி மீன்கூடத் திரும்பியிருக்கும்.

"இதுக்கும் வீசிங்காம்மா?"

"மூக்கு சின்னது இல்ல, அதான். வெயில்ல ரொம்பக் கஷ்டப்படும். முடியும் கொட்டும். இதுவும் உனக்கு ஒத்துக்காமப் போவலாம்."

நோட்டில் கோடு போட்டு எழுதியது அத்தனையையும் அவளிடம் சொன்னேன். ஒன்றுவிடாமல் கேட்டாள். பிறகு கடைக்காரரிடம், "மாமா, ஒத்துக்கலன்னா நானே கொண்டாந்து வுடுவேன். அம்மா வுடக் கூடாது" என்றாள்.

"சரிங்க மேடம்" என்றார் அவர்.

அதனால் பக் என்று முடிவாகியிருக்கிறது. இந்தத் தடவை டாக்டர் சொன்ன மாதிரியே. மூன்று ஞாயிற்றுக்கிழமை, கடையிலேயே, முதலில் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம். இழுக்கவில்லை என்றால் வீட்டுக்கு வரும். இழுத்தால் வராது. எதுவாக இருந்தாலும் அவளுக்குத் தெரிந்து நடக்கும்.

அந்தோணி மாமா, "மோல்டு நல்லாத்தான் இருக்குது பாப்பா, இன்னும் பத்து பவுடர் அடிக்கலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மோல்டை மட்டும் கேட்டு வாங்கிவந்திருக்கிறேன். உங்கள் தேதி மேலே தெரிகிற மாதிரி டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் படையல் போடுவேன். வடை, பாயசம், உங்களுக்குப் பிடித்த பரங்கிக்காய்க் கூட்டு எல்லாம் உண்டு. காக்காய்க்கும் சோறு வைப்பேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுத வரவில்லை அப்பா. வந்தால் எழுதுகிறேன்.

ஒரு வாக்கு தருகிறேன். இந்த வீட்டை விட்டு எந்த உயிர் போவதாக இருந்தாலும், யாழினி கண் முன்னால்தான் போகும். அவளும் கூட வருவாள். நம் கையை விட்டுப் போனதற்குக் காரணம் என்ன என்று அவளுக்குத் தெரியும். அழுதால் அழட்டும், நான் பக்கத்தில் இருப்பேன்.

எனக்கு நீங்கள் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். நாயை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்கவில்லை. அது எனக்குப் புரிகிறது. நானும் அதைத்தான் செய்தேன். அன்று விடிகாலையில் அந்தக் கேட்டை நான் நம்பட்டும் என்று வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டுப் போனீர்களா? இல்லை, வண்டியைத் தள்ளுகிற அவசரத்திலும் மனக்கஷ்டத்திலும் மூட மறந்துபோய், நான் "நான்தாம்ப்பா" என்று சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டீர்களா? இரண்டில் எது என்று அந்தோணி மாமாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எழுந்துபோய்க் கேட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு தடவைதான். இரண்டாவது தடவைக்குக் கை போனது, எடுத்துக்கொண்டேன்.

உங்கள் பாப்பா,
யாழினியின் அம்மா,
சுகன்யா

ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள் அப்பா.